மேல் வீட்டுக் கசிவு, பக்கத்து வீட்டு விரிசல்: பினாங்கில் அண்டை வீட்டாரோடு சேதத் தகராறு வந்தால் என்ன செய்வது

ஜெலுத்தோங் பக்கம் உள்ள ஓர் அடுக்குமாடியில் ஆறு ஆண்டுகள் நிர்வாகக் குழுச் செயலாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளம். என் மேசைக்கு வந்த கோப்புகளில் பெரும்பாலானவற்றின் மேலட்டையில் ஒரே சொல்தான் இருக்கும்: கசிவு.

அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாவது மாடியில் இருந்தவரின் குளியலறைச் சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. அன்றிரவே பதினொரு மணிக்கு அவர் பத்தாவது மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். அங்கே தனியாக வசித்தவர் ஒரு சீன மூதாட்டி. அரை மணி நேரம் கூச்சல். பயந்துபோன மூதாட்டி மறு மாதமே 3,800 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துத் தன் குளியலறைத் தரை ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால், இரண்டு வீடுகளுக்கும் பின்னால் இறங்கும் பொதுக் கழிவுநீர்க் குழாயில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. அதை மாற்ற ஆன செலவு 260 வெள்ளி.

அந்த மனிதர் கெட்டவர் அல்லர். மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிட்டார். என்ன சேதம்? எதனால்? யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு விடை கண்ணுக்குத் தெரிந்ததால் மற்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் அந்த மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பதற்குத்தான். நான் வழக்கறிஞன் அல்லன். பெரிய தொகை என்றால் ஒருவரைப் பாருங்கள். ஆனால் பெரும்பாலான வழக்குகள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முதல் நாள்: சேதத்தை நிறுத்துங்கள், பிறகு படமெடுங்கள்

சீலிங்கில் ஈரம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது விளக்கு. தண்ணீர் விளக்குப் புள்ளி வழியாக இறங்கினால் அந்த அறைக்குரிய மின் இணைப்பைப் பெட்டியிலேயே அணைத்துவிடுங்கள். சீலிங் பலகை வயிறு தள்ளித் தொங்கினால் அதற்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம். நனையக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள், வாளி வையுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தடுத்திருக்கக்கூடிய நட்டத்தைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் சேர்த்துக் கேட்டால் நீதிமன்றம் கொடுக்காது. மெத்தையை நகர்த்த ஐந்து நிமிடம் போதும் என்ற நிலையில், நனைந்த மெத்தைக்குப் பணம் கேட்பவரை எதிர்த்தரப்பு எளிதாக மடக்கிவிடும்.

படம் எடுக்கும்போது எட்ட நின்று அறை முழுவதும் தெரிய ஒன்று, கிட்டப் போய் ஒன்று. விரிசலின் அருகே அளவுகோலையோ இருபது சென் நாணயத்தையோ வையுங்கள். உடைந்த ஓட்டையும் உப்பிய பலகையையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு பையில் கட்டி வையுங்கள்.

அடுத்தது ஒரு நாட்குறிப்பு. இதைத்தான் யாரும் செய்வதில்லை. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு போதும்: தேதி, மணி, மழை உண்டா, கசிவு எப்படி இருந்தது. இரண்டு வாரம் எழுதினால் பாதி மர்மம் விலகிவிடும். மழை பெய்யும் நாளில் மட்டும் கசிந்தால் கூரை, வெளிச்சுவர், சன்னல் ஓரம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். காலையும் மாலையும் மேலே குளிக்கும் நேரத்தில் மட்டும் கசிந்தால் குளியலறைத் தரை அல்லது கழிவுநீர்க் குழாய். இரவு பகல் பாராமல் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய். இந்தக் கடைசி வகைக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மேல் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் நகர்ந்தால் குழாய் எங்கோ ஒழுகுகிறது. நகராவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைதான் கனத்தது. வறண்ட சனவரியில் நின்றுபோன கசிவை "தானாகச் சரியாகிவிட்டது" என்று எண்ணி விட்டுவிட்டவர்கள் அக்டோபரில் என் அலுவலக வாசலில் நின்றிருக்கிறார்கள்.

விரிசல் என்றால் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடுகிறது என்று பொருள். மேல்பூச்சில் மட்டும் மயிரிழை போல ஓடும் விரிசலுக்கு அலற வேண்டியதில்லை. செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டு போல் சரிந்து ஏறும் விரிசல், திடீரென்று நிலையில் சிக்கத் தொடங்கும் கதவு, விரலை நுழைக்கும் அளவு பிளவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அண்டை வீட்டாருக்கு முன்பு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பேசப் போவது

கதவைத் தட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே இருப்பவர் உரிமையாளரா, வாடகைக்காரரா? வாடகைக்காரரிடம் எவ்வளவு நியாயம் பேசினாலும் சுவரை உடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அடுக்குமாடியானால் நிர்வாக அலுவலகப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்கும். தகவலை உங்களிடம் தரத் தயங்கினாலும், உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கக் கேட்கலாம். தரை வீடானால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம்.

சனி அல்லது ஞாயிறு மாலை நான்கு, ஐந்து மணி நல்ல நேரம். பெருநாளுக்கு முந்தைய வாரம் வேண்டாம். சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்பு "உங்கள் வீட்டை உடைக்க வேண்டும்" என்று போய் நின்றால் யார் முகம்தான் மலரும்? பெரியவரானால் "ஆன்ட்டி", "பாச்சிக்", "அண்ணே" என்று உரிய முறை சொல்லிக் கூப்பிடுங்கள். புகாரோடு போகாதீர்கள், அழைப்போடு போங்கள்: "எங்கள் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரிகிறது. ஒரு நிமிடம் கீழே வந்து பார்க்கிறீர்களா?" தன் கண்ணால் பார்த்தவர் மறுப்பது கடினம். பார்க்காதவருக்கு மறுப்பது மிக எளிது.

முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "யார் தவறு" என்ற பேச்சும் வேண்டாம். காரணத்தைச் சேர்ந்து கண்டுபிடிக்க ஒப்புக்கொண்டால் அதுவே போதுமான வெற்றி. வீட்டுக்குத் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்: "இன்று வந்து பார்த்ததற்கு நன்றி. அடுத்த சனிக்கிழமை குழாய்க்காரரை அழைத்து இருவர் வீட்டிலும் சோதிப்பதாகப் பேசினோம்." மரியாதையும் ஆயிற்று, சான்றும் ஆயிற்று.

அடுக்குமாடியில் மேலிருந்து கசிவு: சட்டம் உங்களுக்காக ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது

நம்மில் பலருக்கு இது தெரியாது. அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டுகிறேன்.

2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, நாட்டின் மற்ற பகுதிகளில் 2015 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. பினாங்கில் மட்டும் ஜூன் 12. அதன் கீழ் வந்த 2015 பராமரிப்பு விதிமுறைகளில் மாடிக்கு மாடி கசிவுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. உங்கள் வீட்டுச் சீலிங்கிலோ சீலிங்கோடு ஒட்டிய பலகையிலோ ஈரம் தெரிந்தாலே அதற்குள் வந்துவிடும்.

நடைமுறை இதுதான். நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கிறீர்கள். புதுக் கட்டடமானால் மேம்பாட்டு நிறுவனம், பிறகு கூட்டு நிர்வாக அமைப்பு, தனிப்பட்டா வந்தபின் நிர்வாகக் கழகம் என்று கட்டடத்தின் வயதைப் பொறுத்து ஆள் மாறும், கடமை மாறாது. அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாளுக்குள் படிவம் 28 என்ற ஆய்வுச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். கசிவின் காரணமும் சரிசெய்ய வேண்டியவரும் அதில் இருக்க வேண்டும். பொறுப்பு மேல் வீட்டாருடையது என்றால், சான்றிதழ் கைக்கு வந்த 7 நாளுக்குள் கசிவைச் சரிசெய்யத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் அவர் எடுக்க வேண்டும். அவர் அசையாவிட்டால் நிர்வாகமே சரிசெய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

இதற்குள் ஒரு முக்கியமான அனுமானம் உண்டு. வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, குறை மேல் வீட்டில்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. "என் வீட்டிலிருந்து வருகிறது என்று நீங்கள் நிரூபியுங்கள்" என்று மேல் வீட்டார் சொன்னால், அந்த விவாதம் தலைகீழாக நிற்கிறது. இந்த அனுமானத்தைக் கையில் கத்தி போல் பிடிக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். பத்தாவது மாடி மூதாட்டி விஷயத்தில் அது தவறாகத்தானே போனது. ஆய்வு என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

ஆய்வுக்கு வருகிறவர் டார்ச் விளக்கை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தரை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை 24 மணி நேரம் தேக்கி வைத்துப் பார்ப்பது தரைக் கசிவுக்கான சோதனை. நல்ல தண்ணீர்க் குழாய்க்கு அழுத்தச் சோதனை உண்டு. கீழ் வீட்டில் ஈரமானி வைத்து அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொறுப்பைப் பற்றி ஒரு தெளிவு. நம் ஊர்க் கட்டடங்களில் மேல் வீட்டுக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் கீழ் வீட்டுச் சீலிங்குக்கு மேலேதான் தொங்கும். உங்கள் சீலிங்குக்குள் இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உழைக்கும் குழாய் அந்த வீட்டுக்குரியது. பல வீடுகளுக்குப் பொதுவாக இறங்குவது பொதுச் சொத்து, நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் அதைச் சரிசெய்ய உங்கள் சீலிங்கைத்தான் திறக்க வேண்டும். அப்போது "என் வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது" என்று நீங்களே குறுக்கே நிற்காதீர்கள். ஆய்வுக்கும் பழுதுக்கும் வழிவிட மறுப்பது இந்த விதிமுறைகளின்படி குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மேல் வீட்டாருக்கும் அதே சட்டம்தான்.

சான்றிதழ் தவறென்று பட்டாலோ, நிர்வாகம் தூங்கினாலோ, அடுத்த கதவு கட்டட ஆணையருடையது. மலாயில் பெசுருஹ்ஜாயா பங்குனான். தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்குத் தீவு மாநகராட்சியிலும், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருப்பவர்களுக்குச் செபராங் பிறை மாநகராட்சியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் ஆணையர் பதிவு பெற்ற பொறியாளர் போன்ற வல்லுநரை நியமித்து மறுபடி ஆராயச் செய்யலாம்.

கட்டடம் புதிதா? சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் என்றால் அண்டை வீட்டாரோடு மல்லுக்கட்டுவதே வீண். அது குறைபாட்டுப் பொறுப்புக் காலம். மேம்பாட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மேல் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.

முன்னாள் செயலாளராக ஒரு புலம்பல்: கசிவைச் சரிசெய்யும் வரை பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டேன் என்று நிற்பவர்கள் உண்டு. கோபம் புரிகிறது. ஆனால் பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி ஏறும், பொதுக்கூட்டத்தில் வாக்கும் போய்விடும். நிர்வாகத்தை நேருக்கு நேர் தட்டிக்கேட்க இருந்த மேடையை நீங்களே இழந்துவிடுவீர்கள்.

தரை வீடு: சுவர், மரம், மண்

தாமான் (குடியிருப்புப் பேட்டை) வரிசை வீடுகளில் தகராறு வேறு மாதிரி. இங்கே நிர்வாகமும் இல்லை, படிவம் 28உம் இல்லை.

அடிக்கடி வருவது வீட்டுப் புதுப்பிப்பு. பக்கத்து வீட்டார் சமையலறையைப் பின்னால் நீட்டுகிறார். இடிக்கும் அதிர்வில் உங்கள் பக்கச் சுவர் கீறுகிறது. வேலை தொடங்கப்போவது தெரிந்த உடனே உங்கள் வீட்டு அறைகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிடுங்கள். பெரிய வேலையானால், தூண் அடிப்பது, தரை தோண்டுவது என்றால், வேலைக்கு முந்தைய நிலையைப் பதிவுசெய்யும் அறிக்கையைப் பொறியாளர் மூலம் எடுக்கச் சொல்லி அண்டை வீட்டாரிடமே கேட்கலாம். பழைய விரிசலுக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கும் வராது. இந்த அறிக்கை இல்லாமல் "முன்பு இருந்ததா, இப்போது வந்ததா" என்று வாதாடுவது சுவரோடு பேசுவது போலத்தான்.

1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி இத்தகைய வேலைக்கு மாநகராட்சியின் எழுத்து அனுமதி வேண்டும். பொதுச்சுவரைத் தொட்டாலும் அப்படித்தான். அனுமதி இருக்கிறதா என்று முதலில் அன்போடு கேளுங்கள். இல்லை என்று தெரிந்து, சேதமும் தொடர்ந்தால், மாநகராட்சிக் கட்டடப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகாரால் வேலைதான் நிற்கும், உங்கள் சுவருக்கு இழப்பீடு வராது. அது வேறு வழக்கு. பாதியில் நின்ற கட்டடத்தின் மழைநீர் உங்கள் பக்கம் வழிந்த கதையையும் பார்த்திருக்கிறேன். எனவே இந்த அம்பை எய்யும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மரக்கிளை எல்லை தாண்டி வந்து கூரை ஓட்டை உடைத்தால், எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம். அண்டை வீட்டு நிலத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வெட்டிய கிளையும் அதில் தொங்கும் ரம்புத்தானும் அவருக்கே சொந்தம். பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டுக் கிளையை மட்டும் திருப்பிக் கொடுத்த ஒருவரால் ஒரு தெருவே இரண்டாகப் பிரிந்தது. மரத்தையே சாய்க்க நினைத்தால், நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து உள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. அப்போதும் முதலில் படம் எடுத்து வையுங்கள்.

ஆயர் ஈத்தாம், புக்கிட் கெலுகோர் போன்ற மேட்டுப் பகுதிகளில் மண் பெரிய விஷயம். கீழ் வீட்டார் தன் நிலத்தை வெட்டியதால் உங்கள் நிலம் சரிந்தால், பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமை தேசிய நிலச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் இருக்கிறது. இதில் நீங்களாக அளந்து பார்த்து முடிவு சொல்லாதீர்கள். எல்லைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளர், சரிவுக்கு மண்ணியல் தெரிந்த பொறியாளர். செலவு அதிகம்தான். ஆனால் மலைச்சரிவில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி மூச்சுவிடும் வகை. அண்டை வீட்டார் தன் பக்கம் சிமெண்டு பூசிவிட்டால் ஈரம் உங்கள் பக்கம் தள்ளப்படலாம். சிமெண்டு போடும் குத்தகையாளரிடம் கேட்டால் பிரச்சினையே இல்லை என்பார். மரபுக் கட்டடம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கணக்குப் போடுதல்

காரணம் தெரிந்தபின்தான் பணம். இரண்டு தனித் தாள்கள் எடுங்கள். காரணத்தைச் சரிசெய்யும் செலவு ஒன்று: மேல் வீட்டுக் குழாய், நீர்த்தடுப்புப் பூச்சு. உங்கள் சேதத்தைச் சரிசெய்யும் செலவு மற்றொன்று: சீலிங், சாயம், அலமாரி. இரண்டையும் ஒரே எண்ணாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குத் தலை சுற்றும்.

மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேளுங்கள். கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிவு பெற்றவர்களாக இருந்தால் சிறப்பு. பன்னிரண்டு ஆண்டு பழைய அலமாரிக்குப் புது அலமாரியின் முழு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேய்மானம் கழித்து நீங்களே சொன்னால் மற்ற எண்களுக்கும் நம்பிக்கை வரும். ஈரமானது ஒரு மூலை, சாயம் பூச வேண்டியது முழுச் சீலிங் என்றால், நிறம் பொருந்தாது என்ற காரணத்தை எழுதிக் கேட்கலாம். அது நியாயம். வீடு முழுவதுக்கும் சாயம் கேட்பது நியாயம் அல்ல.

உங்கள் வீட்டுக் காப்புறுதியையும் புரட்டிப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் குழாய் வெடித்து வழிந்த நீரால் வரும் சேதம் பொதுவாக அடங்கும். மெல்ல மெல்லக் கசிந்ததை ஏற்க மறுப்பார்கள். மண் சரிவு, நிலம் அமிழ்தல் ஆகியவற்றுக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். தீக்காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்கள் பலர். அது இதற்கு உதவாது.

கடிதம்

பேச்சு மூன்று வாரத்தில் நகராவிட்டால் எழுதுங்கள். மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாரம் இப்படி இருந்தால் போதும்:

"மார்ச் 3 முதல் எங்கள் குளியலறைச் சீலிங்கில் கசிவு உள்ளது. மார்ச் 16 ஆய்வில் உங்கள் குளியலறைத் தரை வடிகால் இணைப்பே காரணம் எனத் தெரிந்தது; சான்றிதழ் நகல் இணைப்பு 1. இணைப்பைச் சரிசெய்யவும், எங்கள் சீலிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் 1,450 ரிங்கிட்டைத் தரவும் கேட்டுக்கொள்கிறோம். விலைப் பட்டியல்கள் இணைப்பு 2. உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் வீட்டைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறோம். 14 நாளுக்குள் பதில் இல்லையெனில் அடுத்த நடவடிக்கை எடுக்க நேரிடும்."

பெயரடைகளைத் துடைத்துவிடுங்கள். "பொறுப்பற்ற", "அலட்சியமான" போன்ற சொற்கள் எழுதும்போது இனிக்கும். நீதிபதி வாசிக்கும்போது உறுத்தும். சமரசத் தொகை பேசும் கடிதங்களில் மட்டும் தலைப்பில் "தன்பா பிரஜுடிஸ்" (ஆங்கிலத்தில் "வித்தவுட் பிரெஜுடிஸ்") என்று போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தொகையை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. மேலே உள்ள கோரிக்கைக் கடிதத்தில் அதைப் போடக்கூடாது. அதைத்தானே சான்றாகக் காட்டப் போகிறீர்கள்.

நடுவில் ஒருவர்

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பு என்றால் இரவுக் காவல் மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம் அண்டை வீட்டார் தகராறுகளைச் சமரசம் செய்துவைப்பதையும் அதன் பணியாக வைத்திருக்கிறது. ஒற்றுமைத் துறையின் கீழ்ப் பயிற்சி பெற்ற சமூகச் சமரசர்கள் உண்டு; கட்டணம் இல்லை. உங்கள் தாமானில் ருக்குன் தெத்தாங்கா இல்லாவிட்டாலும் மாநில ஒற்றுமைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கோயில் தலைவரையோ உறவுக்காரரையோ நடுவில் வைப்பது நம் வழக்கம். இரண்டு பக்கமும் தமிழர் என்றால் சில நேரம் பலிக்கும். ஆனால் அவர் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்ற கணக்கு வந்துவிட்டால் போயிற்று. வெளியாள் மேல்.

ஒப்புக்கொண்டால் அன்றே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு, எத்தனைத் தவணை. இவற்றோடு எல்லோரும் மறக்கும் ஒரு வரி: ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் மீண்டும் கசிந்தால் யார் செலவு? அந்த வரி இல்லாத ஒப்பந்தங்கள்தான் இரண்டாம் முறை என் மேசைக்கு வந்தன.

எந்த மன்றம்?

கோரிக்கை 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. தனிநபர்தான் போட முடியும். உங்களுக்கு வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை. படிவம் 198ஐ நிரப்பிப் பதிவு செய்து, முத்திரை விழுந்த நகலை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும்; அவருக்குப் பதில் சொல்ல 14 நாள். தீவில் உள்ளவர்கள் லைட் தெரு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மலாய் தடுமாறுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே பதிவகத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் நட்டம் 6,200 என்றால் 1,200ஐ விட்டுக்கொடுத்து இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதை இரண்டு வழக்காக உடைத்துப் போட முடியாது. பலருக்கு விட்டுக்கொடுப்பதே லாபம் என்பது என் கருத்து. வழக்கறிஞர் கட்டணம் அந்த 1,200ஐ ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலே நடக்கும். பணம் மட்டுமல்லாமல், "சரிசெய்" என்ற உத்தரவையும் அது போட முடியும். உத்தரவை மதிக்காதவருக்கு 250,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். நிர்வாகம் படிவம் 28 தர மறுத்தாலும் இங்கே இழுக்கலாம். படிவம் 28, கடிதங்கள், நாட்குறிப்பு, படங்கள் ஆகியவற்றைப் பக்க எண் போட்டு ஒரே கோப்பாகக் கொண்டுபோங்கள். கைப்பேசியைத் தடவிக்கொண்டே "இருங்கள், காட்டுகிறேன்" என்று நின்றவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

தரை வீட்டில் பெரிய சேதமானால் 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அந்த அளவுக்கு வழக்கறிஞர் வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். உங்கள் சொந்தக் குத்தகையாளர் செய்த வேலை சொதப்பியதால் அண்டை வீட்டாருக்கு நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், அந்தக் குத்தகையாளர் மேல் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம்.

காலக்கெடு பொதுவாக 6 ஆண்டு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடந்து பின்னர் வெளிப்பட்ட சேதம் அலட்சியத்தால் வந்ததென்றால், தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு கூடுதலாகக் கிடைக்கலாம். 2018இல் திருத்தப்பட்ட கால வரம்புச் சட்டம் அதற்கு 15 ஆண்டு என்ற உச்சவரம்பையும் வைத்திருக்கிறது.

போலீஸ்? வேண்டுமென்றே சுவரை இடித்தார், கண்ணாடியை உடைத்தார் என்றால் அது தண்டனைச் சட்டத்தில் குற்றம், போய்ப் புகார் கொடுங்கள். குழாய்க் கசிவுக்குப் போனால் அது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் பதில் வரும். பக்கத்து வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்ற பிறகு எந்தச் சமரசரும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

பழுது முடிந்தபின்

குழாய் மாற்றிய மறுநாளே சாயக்காரரைக் கூப்பிடாதீர்கள். கான்கிரீட்டுக்குள் தங்கிய ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுப் பூசிய சாயம் கொப்பளிக்கும், கசிவு நிற்கவில்லை என்று மறுபடி மேலே ஓடுவீர்கள். ஈரமானியால் வாரம் ஒருமுறை அளந்து, எண் இறங்கி நின்றபின் பூசுங்கள். காத்திருக்கும் நாள்களிலும் நாட்குறிப்பை நிறுத்த வேண்டாம். ஒன்பதாவது மாடிக்காரர் அப்படித்தான் எட்டு வாரம் எழுதினார். ஒன்பதாவது வாரம் சாயம் பூசிய மாலையில், மூதாட்டியின் தரை ஓட்டுச் செலவில் தன் பங்காக எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டு அலுவலகத்துக்கு வந்தார்.